எந்த மென்பொருள் என்பதோடு, எங்கே தடுக்கியது என்பதையும் சொல்லுங்கள்

குறும்படமோ ஆவணப்படமோ சொந்த முயற்சியில் எடுப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு இரண்டு கேள்விகளில்தான் தொடங்குகிறது. உங்கள் சேனல் எது? எதில் எடிட் செய்கிறீர்கள்? இரண்டுக்கும் ஒற்றை வரியில் பதில் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பதில்களால் விளைந்த பயன் குறைவு. பேச்சு இன்னும் சற்று நீண்டு, "அந்தப் படத்தில் குரல் ஏன் உதட்டோடு ஒட்டவில்லை தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தால், அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். நான் கற்றதில் பெரும்பகுதி அப்படிக் கிடைத்ததுதான். ஆகவே என் பங்குக்கு, நானும் என்னோடு வேலை செய்தவர்களும் எங்கெங்கே தடுக்கி நின்றோம், எப்படித் தாண்டினோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குரல் விவகாரம். எனக்குத் தெரிந்த ஆவணப்பட இயக்குநர் ஒருவர் நீண்ட நேர்காணல் ஒன்றைக் கைபேசியில் படம் பிடித்தார். ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் தொடக்கம் கச்சிதமாக இருந்தது. போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மென்பொருளில்தான் கோளாறு என்று வேறொன்றுக்கு மாறினார்; அங்கேயும் அதே கதை. கடைசியில் ஒலிப்பதிவாளர் ஒருவர் மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினார். ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு, 'மாறுவது' என்று அதில் பதிவாகியிருந்தது.

பல கைபேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் அந்தக் கணக்கைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். சுமை கூடினால் இடையில் சிலவற்றை விட்டுவிடும். எடிட்டிங் மென்பொருளில் துண்டுகளை அடுக்கும் டைம்லைனோ ஒரே சீரான வேகத்தில் ஓடுவது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு வித்தியாசங்கள் சேர்ந்து சேர்ந்துதான் குரலைத் தள்ளிவிட்டன. ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் செயலியில் மாறாத ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து, தரத்தை உயர்த்தி வைத்து, கோப்பை மாற்றிய பிறகு எல்லாம் பொருந்தியது. படப்பிடிப்பின்போதே வேகத்தைப் பூட்டிவைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்தினால் இந்த வேலையே மிச்சம்.

அன்று அந்த ஒலிப்பதிவாளர் சொன்ன இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக வளர்ந்தால், கேமராவின் கடிகாரத்துக்கும் ஒலிக்கருவியின் கடிகாரத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுதான் காரணம். ஒலியின் நீளத்தை இம்மியளவு மாற்றினால் சரியாகிவிடும். சில இடங்களில் பொருந்தியும் சில இடங்களில் விலகியும் இருந்தால் கைபேசியின் ஃபிரேம் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நேர்காணலின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று போதும். அன்றிலிருந்து எங்கள் குழுவில் நடுவில் கைதட்டாமல் யாரும் நீண்ட பேட்டி எடுப்பதில்லை.

இனி மென்பொருள். நான் பெரும்பாலும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் வேலை செய்கிறேன். டாவின்சி ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய வண்ணச் சீரமைப்பு இயந்திரம். 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. பிறகு மென்பொருளாகவும் இலவசப் பதிப்பாகவும் நம் கைக்கு வந்தது. இலவசப் பதிப்பில் 3840 x 2160 அளவு, நொடிக்கு 60 ஃபிரேம் வரை படத்தை வெளியே எடுக்கலாம். நம்மில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் இரவுக் காட்சிகளின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இருட்டில் அதிகம் எடுப்பவர்களுக்கு அது பெரிய குறை. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: காணொளியைச் சுருக்கிவைக்கும் பரவலான முறையான எச்.264-இல் உள்ள கோப்புகளை இலவசப் பதிப்பு அங்கே திறப்பதில்லை. வேறு கோடெக்குக்கு, அதாவது வேறு சுருக்க முறைக்கு, மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

கணினி பழையது என்றால் ரிசால்வோடு மல்லுக்கட்டாதீர்கள். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் கட்டற்ற எடிட்டிங் மென்பொருள்கள். இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே கட்டமைப்பு. படத்தின் மூலையில் தங்கள் முத்திரையைக் குத்தமாட்டா, இத்தனை நிமிடம்தான் என்று கட்டுப்படுத்தவும் மாட்டா. நண்பர் ஒருவர் ஒரு முழு ஆவணப்படத்தையே பழைய மடிக்கணினியில் கேடென்லைவில் தொகுத்தார். அவருக்குக் கைகொடுத்தது பிராக்சி, அதாவது மூலக்கோப்புக்குப் பதிலாக வைத்துத் தொகுக்கும் சிறிய பிரதி. எச்.264, எச்.265 கோப்புகளில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப்படமாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சேமித்துவைக்கின்றன. ஒரு ஃபிரேமைக் காட்ட வேண்டுமானால் கணினி அக்கம்பக்கத்தில் உள்ள பலவற்றையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நாம் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது அது திணறுவது இதனால்தான். சிறிய அளவில், எளிதில் பிரிக்கக்கூடிய பிரதியை வைத்துத் தொகுத்துவிட்டு, கடைசியில் மூலக்கோப்பிலிருந்து இறுதிப் படத்தை ரெண்டர் செய்தால் பழைய கணினியும் ஈடுகொடுக்கும். புதுக் கணினி வாங்க வேண்டும் என்று படத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதைக்கிறது. முதலில் பிராக்சியைச் செய்து பாருங்கள்.

தமிழில் தலைப்போ வசன வரியோ போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை. ஒரு மென்பொருளில் 'கொடு' என்று அடித்தேன். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும் அல்லவா? அது பின்னால் போய் நின்றது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. எழுத்துரு எதை மாற்றினாலும் அப்படியே இருந்தது. உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை மென்பொருளின் எழுத்து இயந்திரம் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் எழுத்துருவால் ஒன்றும் செய்ய முடியாது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் இதற்கென்றே அமைப்புகளில் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அந்த வசதி இல்லாத மென்பொருளில், தலைப்பை வேறு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து ஒட்டுகிறேன்.

வசன வரிகளைப் படத்தின் மேலேயே பதித்துவிடாமல் தனி எஸ்ஆர்டி கோப்பாக வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. பிழை தெரிந்தால் படத்தைத் தொடாமலே திருத்தலாம்; இன்னொரு மொழியையும் சேர்க்கலாம். கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். நேரக் குறிப்பில் நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி: 00:01:02,500. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்திருந்ததால் ஒரு விழாவின் திரையிடல் கருவி முழுக்கோப்பையும் ஏற்க மறுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். முற்றுப்புள்ளி விடிடி என்ற இன்னொரு வகை வசன வரிக் கோப்புக்கு உரியது.

சேனல் விஷயத்தில் என் கருத்து சற்று அழுத்தமானது. யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகள் வழியாகப் போக வேண்டும். பத்து நிமிடக் குறும்படத்தை வைத்துக் கணக்கிட்டால், 24,000 பேர் முழுப்படத்தையும் பார்த்தால்தான் அந்த 4,000 மணி நேரம் நிறையும். இந்த எண்ணை மனதில் வைத்துப் படத்தின் நீளத்தையும் தாளத்தையும் மாற்றிக்கொண்டவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். மௌனம் தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் இசை ஓடும். குறும்படத்துக்குச் சேனல் என்பது படம் தங்கும் முகவரி. வருமானத்துக்கு வேறு வழி பாருங்கள்.

ஆனால் அதே யூடியூப் தரும் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தை மதிக்கிறேன்; எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு அது. இணை இயக்குநராக நான் வேலை செய்த படம் ஒன்றின் வரைபடத்தில் தொடக்கத்திலேயே செங்குத்தான சரிவு. அந்த இடத்தில் ஓடியது தயாரிப்பு முத்திரை, நன்றி அட்டைகள், கறுப்புத் திரை. அடுத்த படத்தில் முதல் ஃபிரேமிலேயே முகம் ஒன்றைக் காட்டி, நன்றிகளை எல்லாம் இறுதிக்கு நகர்த்தினோம். படத்தின் நடுவே, நாங்கள் வெட்டிவிடலாமா என்று வாதிட்டுக்கொண்டிருந்த நீண்ட ஷாட்டில் கோடு அசையவே இல்லை. அந்த ஷாட்டை அப்படியே விட்டோம்.

விமியோ என்ற காணொளித் தளத்தில் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது: சுட்டி மாறாமல், பழைய கோப்பின் இடத்தில் புதியதை ஏற்றலாம். யூடியூபில் ஏற்றிய கோப்பை மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் சுட்டி வேறு, பார்வைகளும் பின்னூட்டங்களும் பழையதோடு நின்றுவிடும். திரைவிழாக்களுக்கு அனுப்பும்போது கடவுச்சொல் வைத்த சுட்டிதான் பாதுகாப்பு. எங்களோடு ஒலிக்கலவை செய்த ஒருவரின் படம் நன்றாக வந்திருந்தது. ஆர்வத்தில் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டுவிட்டார். அவர் குறிவைத்திருந்த விழாவின் விதிகளில், இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களுக்கு இடமில்லை. எல்லா விழாக்களும் அப்படி இல்லை என்றாலும், விதிகளைப் படித்துவிட்டு வெளியிடுவது நல்லது.

ஒலி அளவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. யூடியூப் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு மேல் சத்தமாக இருப்பதைக் குறைக்கும். குறைவாக இருப்பதை உயர்த்தாது. திரையரங்கை மனதில் வைத்து மென்மையாகக் கலந்த படம் கைபேசியில் கேட்காமல் போவதற்கு இதுவே காரணம். இணையத்துக்கென்று தனிக் கலவை செய்துவிடுங்கள். இருண்ட காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதைந்தால், 1080 அளவில் எடுத்த படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றிப் பாருங்கள். பெரிய அளவுக்குத் தளம் கூடுதல் பிட்ரேட், அதாவது நொடிக்குக் கூடுதல் தரவு, ஒதுக்குவதால் சிதைவு கண்கூடாகக் குறைகிறது.

இசை உரிமைதான் பலரையும் அலைக்கழிப்பது. பழைய இசைப் படைப்பு ஒன்றுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் அதை அண்மையில் யாரோ வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இது பலருக்கும் தெரியும். தெரியாதது இது: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற வகையில் வெளியான இசையைப் படத்தில் சேர்க்க முடியாது. பாட்டில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லையே என்று வாதிட்டுப் பயனில்லை. நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்த்தாலே அது மாற்றம் செய்த படைப்பு என்று 4.0 உரிமத்தின் வாசகமே சொல்கிறது. 'அதேபோலப் பகிர்தல்' வகை இசையைச் சேர்த்தால் உங்கள் படமும் அதே உரிமத்தில் வெளியாக வேண்டும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகைதான் நமக்குச் சிக்கல் இல்லாதது.

சொந்த இசைக்கே உரிமைகோரல் வந்த அனுபவமும் உண்டு. எங்கள் இசையமைப்பாளர் படத்துக்குச் செய்த இசையைத் தனி ஆல்பமாகவும் வெளியிட்டார். ஆல்பத்தை விநியோகித்த நிறுவனம் அதை உரிமையுள்ள ஒலியையும் படத்தையும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டது. மறுநாள் எங்கள் படத்தின் மீது கோரிக்கை. பயப்பட ஒன்றுமில்லை, இது சேனலை முடக்கும் எச்சரிக்கை வகை இல்லை. மறுத்து விண்ணப்பித்தால் கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதைவிட எளிது, வெளியிடும் முன்பே விநியோகஸ்தரிடம் படத்தின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது. இசையமைப்பாளரோடு எழுதும் ஒப்பந்தத்தில் இப்போது இதற்கு ஒரு வரி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, படம் முடிந்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்பது. பழைய புராஜெக்ட் கோப்பைப் புதிய பதிப்பு திறந்தாலும், ஒரு பிளக்இன் (தனியாகச் சேர்த்த துணைச் செயலி) இல்லாமல் போனால் பாதிக் காட்சிகள் சிவப்பாக நிற்கும். தொகுப்பின் விவரங்களைச் சுமக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு வழியாக வேறு மென்பொருளுக்கு எடுத்துச் சென்றால் வெட்டுகளும் அவற்றின் வரிசையும் வந்து சேரும். தலைப்புகள், எஃபெக்ட்கள், வண்ணம் பெரும்பாலும் வராது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை வைக்கிறேன்: எழுத்துகள் எதுவும் பதியாத, புரோரெஸ் என்ற உயர்தர வடிவத்தில் மூலப்பிரதி, வசனம், இசை, சிறப்பொலி மூன்றும் தனித்தனியாக, எல்லா மொழி எஸ்ஆர்டிகள், எக்ஸ்எம்எல், இசை உரிமங்களின் நகல். விழா ஒன்று திரையரங்கில் ஓட்டுவதற்கான டிசிபி கோப்புத் தொகுப்பைக் கேட்டபோது, புராஜெக்டைத் திறக்காமலே அந்த மூலப்பிரதியை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து எடுத்துவிட்டோம். கோப்புறையின் பிரதிகள் என்னிடமும், ஒளிப்பதிவாளரிடமும், இசையமைப்பாளரிடமும் இருக்கின்றன.