சிறுநீரக மாற்றுக்குப் பின்: மாத்திரைகளின் பக்கவிளைவுகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஊசிநூல்
மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை எடுப்பவர்களுக்குக் கைநடுக்கம் புதிதல்ல. ஆனால் நான் தையலை நம்பிப் பிழைப்பவள். தீபாவளி நெருக்கத்தில் ரவிக்கைக்குக் கொக்கி வைக்க ஊசியில் நூல் கோக்கப் போனேன். எச்சில் தொட்டு முறுக்கிய பிறகும் நூல்முனை ஊசிக்கண்ணின் இருபுறமும் ஆடிக்கொண்டே இருந்தது. காத்திருந்த பெண்மணி ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. இரத்தத்தில் மருந்தளவு கூடியிருந்ததால் மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். நடுக்கம் தணிந்ததே தவிர முற்றிலும் போகவில்லை.

வேலூர்வெயில்
அக்கா, நடுக்கம் வந்தாலே மாத்திரை அதிகம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அளவு சரியாக இருந்தும் சிலருக்குக் கை நடுங்கும். என் கணவரின் இருமலுக்கு அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினார். மாற்று அறுவை நடந்ததைச் சொல்லி மாத்திரைச் சீட்டை நீட்டியபோது, அதை வாங்காமலே கையசைத்துவிட்டார். அந்தக் கையசைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த மருந்து டாக்ரோலிமஸ் உடலில் சிதைவதைத் தடுத்ததால் அதன் அளவு ஏறி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் இரத்தத்தில் உயர்ந்தது.

எட்டுமணிமாத்திரை
நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேட்டால் எனக்கு ஓயாத வயிற்றுப்போக்கு; ஓடும் பேருந்தை நள்ளிரவில் நிறுத்தச் சொல்லி நடத்துநரிடம் கெஞ்சியிருக்கிறேன். குடலில் கரையும் மைக்கோபினோலேட் சோடியத்துக்கு மருத்துவர் மாற்றிய பிறகே வயிறு அடங்கியது.

வேலூர்வெயில் அவர்களே, அந்த மருத்துவர் சீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் எந்தப் புதிய மருந்தையும், அது நாட்டு மருந்தானாலும், மாற்று அறுவை செய்த குழுவிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை வெகுவாக இறக்கி, உறுப்பை உடல் நிராகரிக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்கே ஆகாதவை. பம்பளிமாஸ் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு நீடித்தாலும் டாக்ரோலிமஸ் அளவு ஏறும் என்பதால், அதைச் சாதாரணமாக எண்ணி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை நாளில் காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் போடாமல் சென்று, இரத்தம் கொடுத்த கையோடு விழுங்கிவிடுங்கள். மாத்திரையை மறவாமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.