மதுரையிலிருந்து ஐ.எஸ்.எஸ். – சூரியன் ட்ரான்சிட்: 0.56 நொடிக்கு என்ன செட்டிங்?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சர்வதேச விண்வெளி நிலையம் (ஐ.எஸ்.எஸ்.) சூரியனுக்குக் குறுக்கே போகும் (ட்ரான்சிட், அதாவது கடப்பு) இரண்டு வாய்ப்புகளை ட்ரான்சிட் ஃபைண்டர் தளம் காட்டுகிறது.

ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் மேலூர் பக்கம், காலை 10:51. சூரியன் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். நிலையத்தின் கோண அளவு 50 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு), மொத்த நேரம் 0.56 நொடி. இன்னொன்று ஆறு நாள் கழித்துக் கொடைக்கானலில். சூரியன் 30 டிகிரியில்தான் இருக்கும், கோண அளவு 29 ஆர்க் செகண்ட், நேரம் 1.1 நொடி.

கையில் இருப்பவை: 80 மி.மீ. ரிஃப்ராக்டர் தொலைநோக்கி (குவியத் தூரம் 560 மி.மீ., அதாவது எஃப்/7), 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி கேனான் டி.எஸ்.எல்.ஆர்., ஓடி 5 பாடர் ஃபிலிம் (வெளிச்சத்தை லட்சத்தில் ஒரு பங்காக்கும் சூரிய வடிகட்டி), 2 மடங்கு பார்லோ (குவியத் தூரத்தைக் கூட்டும் லென்ஸ்), இ.க்யூ.5 மவுண்ட் (வானத்தின் நகர்வைப் பின்தொடரும் தாங்கி).

போன தடவை 1/500 நொடியில் பர்ஸ்ட் (தொடர் படங்கள்) வைத்து எடுத்ததில் ஒன்றுமே விழவில்லை. இடம் தப்பா, நேரம் தப்பா, கேமராதான் விட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த முறை எக்ஸ்போஷர் எவ்வளவு? பார்லோ போடலாமா? பர்ஸ்ட்டா, வீடியோவா? இரண்டில் எந்த நாளுக்குப் போவது?

---

கதிர்மானி எழுதியது:

மேலூருக்கே போங்க. நேரம் பாதிதான் என்றாலும் நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. 68 டிகிரியில் தூரம் சுமார் 450 கி.மீ., 30 டிகிரியில் 770 கி.மீ.யைத் தாண்டிவிடும். 50 ஆர்க் செகண்டில் சோலார் பேனல்கள் தனித்தனியாகத் தெரியும். 29-இல் 80 மி.மீ. தொலைநோக்கி காட்டுவது 'எச்' மாதிரி ஒரு கறுப்புக் குறி, அவ்வளவுதான்.

எக்ஸ்போஷர் கணக்கு எளிது. சூரிய வட்டம் சுமார் 31.7 ஆர்க் மினிட் (ஒரு ஆர்க் மினிட் என்பது 60 ஆர்க் செகண்ட்). அதை 0.56 நொடியில் கடக்கிறது என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,400 ஆர்க் செகண்ட். 1/500-இல் அது கிட்டத்தட்ட 7 ஆர்க் செகண்ட் நகர்ந்துவிடும், பேனல் விளிம்பெல்லாம் இழுபட்டுப் போகும். 1/2000-இல் 1.7, 1/4000-இல் 0.85. உங்கள் 80 மி.மீ.யின் பிரிதிறனே 1.45 ஆர்க் செகண்ட் என்பதால் 1/2000-ஐவிட மெதுவான ஷட்டர் வேண்டாம். 1/4000 கிடைத்தால் நல்லது.

ஓடி 5 ஃபிலிமில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/7 என்றால் சூரியனுக்குச் சரியான எக்ஸ்போஷர் சுமாராக 1/500. அதே எஃப்/7-இல் 1/4000 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 800. பார்லோ போட்டால் எஃப்/14 ஆகிவிடும். அப்போது 1/2000-க்கே ஐ.எஸ்.ஓ. 1600 தேவை. நாய்ஸ் வரும், ஆனால் கறுப்பு நிழலுக்கு அது பெரிய குறை இல்லை. கலங்கல்தான் குறை. மேகப் படலம் இருந்தால் ஷட்டரைத் தொடாமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்க.

பார்லோ போடத்தான் சொல்வேன். இல்லாமல் எடுத்தால் பிக்சலுக்கு 1.37 ஆர்க் செகண்ட், நிலையம் 36 பிக்சல். போட்டால் 0.69, சுமார் 73 பிக்சல். 1120 மி.மீ.யில் சூரியன் சென்சாரில் 10.3 மி.மீ. விழும், சென்சாரின் குட்டைப் பக்கம் 14.9 மி.மீ. என்பதால் முழு வட்டமும் அடங்கும்.

ஓடி 3.8 ஃபிலிம் கிடைத்தால் வாங்கிக்கோங்க. ஓடி 5-ஐவிடக் கிட்டத்தட்ட 16 மடங்கு வெளிச்சம் விடும், எஃப்/14-இலும் ஐ.எஸ்.ஓ. 100, 1/2000 கிடைத்துவிடும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அது கேமராவுக்கு மட்டும். டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதுதான், கண்ணாடி வழியாக வருவது அதே வெளிச்சம். லைவ் வியூவை (கேமராத் திரையில் பார்ப்பதை) விட்டு வெளியே வராதீங்க. எந்த ஃபிலிமாக இருந்தாலும் தொலைநோக்கியின் முன்பக்கம்தான். ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) திருகும் சூரியக் கண்ணாடி எங்காவது கிடந்தால் குப்பையில் போடுங்க, சூட்டில் விரிசல் விடும். ஃபைண்டரை (குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கியை) கழற்றி வைத்துவிடுங்க. ஃபிலிம் சுருங்கியிருந்தால் பரவாயில்லை, இழுத்து விறைப்பாக ஒட்டினால்தான் படம் கெடும். வெயிலில் பிடித்து ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்க. ரப்பர் பேண்டை மட்டும் நம்ப வேண்டாம், மூன்று இடத்தில் டேப் ஒட்டுங்க. ஆகஸ்டில் காற்று அடித்தால் ஃபிலிம் பறந்துவிடும்.

மவுண்ட் பற்றி: மதுரை அட்சரேகை 10 டிகிரிக்குப் பக்கம். இ.க்யூ. மவுண்டை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். ட்ராக்கிங் (சூரியனைப் பின்தொடர்வது) கட்டாயம் இல்லை. சூரியன் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட்தான் நகரும். சென்சாரின் நீளப் பக்கம் அந்த நகர்வுத் திசையில் வருமாறு கேமராவைத் திருப்பிவைத்தால், பார்லோவோடும் நடுவிலிருந்து விளிம்பு தொட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கடப்புக்கு ஒரு நிமிடம் முன்னால் சூரியனை நடுவுக்குச் சற்று முந்தி நிறுத்திவிட்டுக் கையை எடுங்க.

ஃபோகஸ்: சூரியப்புள்ளி இருந்தால் அதில், இல்லையென்றால் விளிம்பில், லைவ் வியூ 10 மடங்கில். வெயிலில் குழாய் சூடேறி ஃபோகஸ் நகரும் என்பதால் ஐந்து நிமிடம் முன்னால் மறுபடி பாருங்க. லேப்டாப் திரையோ கேமராத் திரையோ, மேலே ஒரு கறுப்புத் துணி இல்லாமல் பகல் 11 மணிக்கு ஒன்றும் தெரியாது.

பர்ஸ்ட்டா வீடியோவா: நொடிக்கு 6 ஃபிரேம் கேமராவில் 0.56 நொடிக்கு மூன்று அல்லது நான்கு படம்தான். அதிலும் ரா (பெரிய மூலக் கோப்பு) வைத்தால் ஆறேழு படத்தில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி நிற்கும் மாடல்கள் உண்டு. உங்களுடைய முந்தைய முயற்சியில் அதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகம்: சீக்கிரம் அழுத்தி, கடக்கும் நேரத்தில் கேமரா எழுதிக்கொண்டு இருந்திருக்கும். ஜே.பெக்.கில் வைத்து, வீட்டிலேயே எத்தனை நொடி நிற்காமல் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்க. 2009 மே 13 அன்று ஃப்ளோரிடாவிலிருந்து அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தையும் ஹபிள் தொலைநோக்கியையும் ஒரே சூரியனில் பிடித்த வானியல் படக்காரர் தியரி லெகோ நொடிக்கு 4 படம் என்று 16 படம்தான் எடுத்தார். கணித்த நேரத்துக்கு 2 நொடி முன்னால் தொடங்கினார். அது 0.8 நொடிக் கடப்பு. ஆக பர்ஸ்ட் போதும், ஆனால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். லேப்டாப் கடிகாரத்தை நம்பாதீங்க, சில நொடி பிசகி இருப்பது சகஜம். இணையத்தோடு அன்று காலை ஒத்திசைத்துவிடுங்க.

---

நிழலில்லா_நாள் எழுதியது:

செட்டிங் எல்லாம் கதிர்மானி சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றுமே விழாததற்கு என் பார்வையில் முதல் சந்தேகம் பஃபர் இல்லை, பழைய கணிப்பு.

நிலையம் 450 கி.மீ. தூரத்தில் இருந்தால், கடப்பு தெரியும் தரைப் பட்டை சுமார் 4 கி.மீ. அகலம்தான். மையக் கோட்டிலிருந்து குறுக்கே 1 கி.மீ. தள்ளி நின்றால் நிலையம் வட்ட மையத்திலிருந்து 7.5 ஆர்க் மினிட் விலகிப் போகும். 2 கி.மீ. தள்ளினால் விளிம்பை உரசும். அதனால் வரைபடத்தில் கோட்டின் மேல், அரை கி.மீ.க்குள் இடம் பாருங்க.

இனி நேரம். நிலையத்தை அவ்வப்போது உந்தி உயரம் ஏற்றுவார்கள். உயரம் 1 கி.மீ. கூடினால் ஒரு சுற்றுக்கு 1.2 நொடி அதிகம் பிடிக்கும். நாளைக்கு பதினைந்தரைச் சுற்று, ஆக ஒரே நாளில் 19 நொடி தாமதம். 'நேரம்தானே, முன்னும் பின்னும் சேர்த்து எடுத்துவிடலாம்' என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்துக்குள் பூமி கிழக்கே சுழன்றுவிடுகிறது. நம் அட்சரேகையில் ஒவ்வொரு நொடித் தாமதத்துக்கும் பாதை தரையில் மேற்கே தள்ளும், குறுக்குவாட்டில் அது சுமார் 350 மீட்டர். 5 நொடிப் பிழை என்றால் 1.8 கி.மீ., நீங்கள் பட்டையின் ஓரத்துக்கு வந்துவிட்டீங்க. 19 நொடி என்றால் 6 கி.மீ.க்கு மேல், பட்டைக்கே வெளியே. எத்தனை ஃபிரேம் எடுத்தாலும் வெறும் சூரியன்தான்.

பத்து நாள் முன்னால் எடுத்த பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு போகக் கூடாது. முந்தின இரவு ஒரு தடவை, அன்று காலை கிளம்பும் முன் ஒரு தடவை கணக்கிடுங்க. கோடு நகர்ந்திருந்தால் நீங்களும் நகருங்க. பட்டியலில் 'கடப்பு' என்று இருக்கிறதா, 'நெருங்கிப் போவது' என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கோங்க. இரண்டும் ஒரே பட்டியலில்தான் வரும்.

கொடைக்கானல் போவதாக இருந்தால் தளத்தில் இருக்கும் உயரப் பெட்டியை விட்டுவிடாதீங்க. அங்கே சுமார் 2,300 மீட்டர். சூரியன் 30 டிகிரியில் இருக்கும்போது உயரத்தைப் பூஜ்யம் என்று விட்டால், கணித்த கோட்டிலிருந்து உண்மையான பாதை தரையில் சூரியன் இருக்கும் பக்கமாக 4 கி.மீ. தள்ளிப் போகும். வானத்தில் பார்த்தால் நிலையம் கணித்ததைவிட 9 ஆர்க் மினிட் வரை தாழ்ந்து தெரியும், அதாவது சூரிய விட்டத்தில் கால் பங்குக்கு மேல். மேலூரில் இந்தத் தொல்லை கிடையாது, நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மொட்டைமாடி வேண்டாம். பத்தரை மணிக்கே தளம் கொதிக்கும், சூரிய விளிம்பு தண்ணீரில் தெரிகிற மாதிரி ஆடும். புல், வயல் வரப்பு, கண்மாய்க் கரை, இப்படி ஏதாவது பார்த்துக்கோங்க. தார் ரோட்டு ஓரமும் காரின் பானட்டுக்குப் பின்னாலும் வேண்டவே வேண்டாம்.

---

வைகைக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. போன தடவை பட்டியல் எட்டு நாள் பழசு. ரா-வில்தான் வைத்திருந்தேன். இரண்டு தப்பும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

ஒரு நண்பரிடம் ஏ.எஸ்.ஐ. 178 மோனோ கேமராவும் (லேப்டாப்பில் இணைக்கும் கறுப்பு-வெள்ளை வானியல் கேமரா), இன்னொருவரிடம் ஏ.எஸ்.ஐ. 174 மோனோவும் இரவல் கிடைக்கும். 178-இல் ரோலிங் ஷட்டர் (ஃபிரேமை வரிவரியாகப் படிப்பது) என்பதால் நிலையம் கோணலாக விழும் என்கிறார்கள். 174-ஐயே இரவல் வாங்கிவிடவா?

---

சட்டகம்60 எழுதியது:

178-ஐ வாங்குங்க. ரோலிங் ஷட்டர் பயம் கணக்கைப் போடாமல் பரவியது. 178 முழு ஃபிரேமின் 2,080 வரிகளையும் 1/60 நொடியில் படிக்கும், ஆக வரிக்கு 8 மைக்ரோ நொடி. பார்லோ இல்லாமல் உங்கள் 560 மி.மீ.யில் நிலையம் 57 பிக்சல். அந்த 57 வரியைப் படிக்க 0.46 மில்லி நொடி. அதற்குள் நிலையம் நகர்வது 1.6 ஆர்க் செகண்ட், இரண்டு பிக்சலுக்கும் குறைவு. மதுரைக் காற்றின் ஆட்டம் அதைவிட அதிகம்.

174-இல் குளோபல் ஷட்டர் (முழு ஃபிரேமும் ஒரே நேரத்தில் பதிவாகும்), வேகமும் அதிகம், நொடிக்கு 160 ஃபிரேம் தாண்டும். ஆனால் பிக்சல் 5.86 மைக்ரான். 560 மி.மீ.யில் பிக்சலுக்கு 2.16 ஆர்க் செகண்ட், நிலையம் வெறும் 23 பிக்சல். பார்லோ போட்டால் சூரியன் 10.3 மி.மீ., சென்சார் 7.1 மி.மீ. உயரம்தான். வட்டம் வெட்டுப்படும், பாதை எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்து சட்டத்தை வைக்க வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாத தலைவலி.

178 சென்சார் 7.4-க்கு 5.0 மி.மீ. பார்லோ இல்லாமல் சூரியன் 5.16 மி.மீ., மேலும் கீழும் மயிரிழை வெட்டுப்படும், அவ்வளவுதான். நொடிக்கு 60 ஃபிரேமில் அடுத்தடுத்த நிழல்களுக்கு இடைவெளி 57 ஆர்க் செகண்ட், நிலையம் 50. ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக முப்பதுக்கு மேல் விழும். சேர்த்து ஒரே படமாக்க இதைவிடத் தோதான இடைவெளி கிடைக்காது. ட்ராக்கிங் மட்டும் இங்கே கொஞ்சம் தேவைப்படும். குட்டைப் பக்கத்தில் இடமே இல்லை என்பதால், குறைந்தபட்சம் நீளப் பக்கத்தை நகர்வுத் திசைக்குச் சரியாக ஒட்டிவைக்க வேண்டும்.

ஃபயர்கேப்சர் அல்லது ஷார்ப்கேப் என்ற பதிவு மென்பொருளில் 8 பிட், எஸ்.இ.ஆர். வீடியோக் கோப்பு. முதலில் எக்ஸ்போஷரை 0.25 மில்லி நொடியில் பூட்டிவிட்டு, கெயினை (ஐ.எஸ்.ஓ. மாதிரி) ஏற்றி ஹிஸ்டோகிராமை (ஒளிர்வு வரைபடத்தை) 65 விழுக்காட்டுக்குக் கொண்டுவாங்க. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் இரண்டும் அணைத்திருக்க வேண்டும். தரவு நொடிக்கு சுமார் 390 எம்.பி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் ஃபிரேம் தவறிப்போகும், அதுவும் சரியாகக் கடக்கிற நேரத்தில்தான் தவறும். எஸ்.எஸ்.டி., யூ.எஸ்.பி. 3 போர்ட், நீலக் கேபிள். 20 நொடி முன்னால் தொடங்கி 20 நொடி பின்னால் நிறுத்தினால் 15 ஜி.பி.க்கு மேல் வரும், இடம் வைத்துக்கோங்க. வீட்டில் ஒரு நிமிடம் ஓட்டி, ட்ராப் (தவறிய ஃபிரேம்) எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

கோப்பில் தேடுவதற்கு ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துக் கண்ணைக் கெடுக்காதீங்க. இமேஜ்ஜே மென்பொருளில் கணித்த நேரத்தை ஒட்டிய 300 ஃபிரேமைத் திறந்து, குறைந்தபட்ச ஒளிர்வில் ஒன்றாக்கச் சொன்னால் நிலையம் போன பாதை கறுப்புப் புள்ளி வரிசையாக ஒரே படத்தில் வந்துவிடும். வரவில்லை என்றால் அது கோப்பில் இல்லை. பறவை, பூச்சி குறுக்கே போனால் மங்கலாக, விளிம்பில்லாமல் தெரியும். பயணிகள் விமானம் 10 கி.மீ. தூரத்தில் 10 ஆர்க் மினிட்டுக்கு மேல் இருக்கும், குழப்பமே வராது.

பின்னணிக்கு நிலையம் வருவதற்கு முந்தைய ஃபிரேம்கள் ஒரு இருநூறை ஆட்டோஸ்டாக்கெர்ட் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்க. நிலையம் உள்ள ஃபிரேம்களை அதன்மேல் 'கறுப்பு மட்டும்' முறையில் வையுங்க. முழு ஃபிரேமையும் அப்படி வைத்தால் காற்றில் ஆடிய சூரியப்புள்ளியும் விளிம்பும் சேர்ந்து கறுத்துத் தடிக்கும். நிலையத்தைச் சுற்றி மட்டும் மாஸ்க் போட்டு மிச்சத்தை அழித்துவிடுங்க.

---

கதிர்மானி எழுதியது:

ரோலிங் ஷட்டர் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: யாராவது எச்-ஆல்ஃபா தொலைநோக்கி (ஒரே ஒரு சிவப்பு நிற ஒளியை மட்டும் விடுவது) தருகிறேன் என்றால் இந்தக் கடப்புக்கு வேண்டாம். அதில் 5 மில்லி நொடி எக்ஸ்போஷர் சகஜம், 5 மில்லி நொடியில் நிலையம் 17 ஆர்க் செகண்ட் இழுபடும். வெள்ளொளி ஃபிலிமே போதும்.

டி.எஸ்.எல்.ஆரையும் எடுத்துப்போங்க, ஓடி 5 ஃபிலிமில் மீதி இருந்தால் 300 மி.மீ. லென்ஸுக்கு ஒரு வளையம் செய்து பக்கத்து ட்ரைபாடில் முழு எச்.டி. வீடியோ ஓடவிடுங்க. அதில் நிலையம் ஆறேழு பிக்சல் புள்ளிதான். ஆனால் லேப்டாப் மக்கர் செய்தால், சரியான இடத்தில்தான் நின்றீங்களா என்று அந்தப் புள்ளி சொல்லிவிடும்.