ஆஷ்டன் ஜென்டி: 9-வது பிக்ல எடுக்கலாமா, விடலாமா?

பெஞ்சுல_உக்காந்தவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ்ல எங்க ஆபீஸ் ஃபேன்டசி லீக் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரங்களைப் பிரிச்சு எடுத்து, அவங்க ஆட்டத்துக்கு நாம பாயின்ட் வாங்கறது) டிராஃப்ட் இந்த 2025 ஆகஸ்ட் கடைசில. 12 டீம், பிபிஆர், ஒரு கேட்சுக்கு முழு ஒரு பாயின்ட். ரெண்டு ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடறவர்), ரெண்டு ரிசீவர் (வீசற பந்தைப் புடிக்கறவர்), ஒரு டைட் எண்ட், ஒரு ஃபிளெக்ஸ் (இந்த மூணுல யாரை வேணும்னாலும் போடலாம்). குலுக்கல்ல எனக்கு விழுந்தது 9-வது இடம், அதுக்கப்புறம் 16.

என் கண்ணு ரெய்டர்ஸ் டீமோட ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரர்) ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டி மேலதான். போயிசி ஸ்டேட் கல்லூரியில 2024 சீசன்ல 374 கேரி (பந்தைத் தூக்கிட்டு ஓடினது), 2,601 யார்டு, 29 டச்டவுன். பேரி சாண்டர்ஸ் 1988-ல போட்ட 2,628 யார்டு ரெகார்டுக்கு 27 யார்டுதான் பாக்கி. கல்லூரி ஆட்டத்தோட பெரிய விருதான ஹைஸ்மன் வோட்டுல டிராவிஸ் ஹன்டருக்கு அடுத்த இடம். ஏப்ரல்ல ரெய்டர்ஸ் 6-வது ஆளா தூக்கிட்டாங்க. வீடியோ பார்த்தா ஒருத்தன் புடிச்சா விழவே மாட்டேங்கறான். 5 அடி 8 அங்குலம்தான், ஆனா 211 பவுண்டு.

பக்கத்து சீட்காரர் சொல்றார்: "ரெய்டர்ஸ் லைனை (ஓடறவனுக்கு வழி திறக்கற முன்வரிசையை) நம்பி முதல் ரவுண்டுல ரூக்கியா? போன வியாழக்கிழமை சியாட்டில்ல பார்த்தியா, மூணு கேரிக்கு மைனஸ் ஒரு யார்டு!" இன்னொருத்தர் சொல்றார், எடுக்கலைன்னா சீசன் முழுக்க அழுவேனாம். ரெண்டு பேரும் எனக்கு எதிரா ஆடறவங்க, அதனால ரெண்டு பேரையும் நம்ப முடியலை. ரூக்கி ரன்னிங் பேக்கை நீங்க எல்லாம் எதை வச்சு எடை போடறீங்க?

---

ஜெர்சி_அக்கா எழுதியது:

தம்பி, முதல்ல அந்த 2,601-ஐ தள்ளி வை. அந்த நம்பர்தான் அவனை 6-வது ஆளா ஆக்கிச்சு. அதோட அதன் வேலை முடிஞ்சுது. 6-வது பிக்னு ஒரு தடவை, 2,601-ன்னு இன்னொரு தடவை எண்ணினா ஒரே சரக்குக்கு ரெண்டு விலை குடுக்கற மாதிரி ஆயிடும்.

மைனஸ் ஒரு யார்டையும் தள்ளி வை. ப்ரீசீசன்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டத்துல) மூணு கேரி. அந்த ஆட்டமே 23-23-ன்னு டையில முடிஞ்சுது, அதுல எதைப் படிக்கறது?

நான் கேக்கறது ஒரே கேள்வி: எந்த டவுன்ல எல்லாம் (பத்து யார்டு நகர கிடைக்கற நாலு முயற்சில எதுல எல்லாம்) இவன் களத்துல நிப்பான்? முதல் ரெண்டு டவுன்ல ஜென்டி நிப்பான், சந்தேகமே வேண்டாம். 6-வது பிக் குடுத்து வாங்கின பையனை உக்கார வைக்க மாட்டாங்க, புது மாப்பிள்ளைக்கு முதல் பந்தி மாதிரி. கேள்வி மூணாவது டவுன்லயும் கோல் லைன்லயும்தான்.

2017-ஐ எடுத்துக்கோ. லெனர்ட் ஃபோர்னெட் 4-வது பிக், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 8-வது பிக். ஃபோர்னெட் 1,040 யார்டு ஓடினான், மெக்காஃப்ரி வெறும் 435. ஓட்டத்தை மட்டும் பார்த்தா மெக்காஃப்ரி தோல்வின்னு எழுதிடலாம். ஆனா அவன் 80 கேட்ச், 651 யார்டு. பிபிஆர்ல கூட்டிப் பாரு, ரெண்டு பேருமே 230 பக்கத்துல வந்து நிக்கறாங்க. ஃபோர்னெட் 13 ஆட்டம்தான் ஆடினான், அதையும் சொல்லிடணும். இருந்தாலும் 600 யார்டு வித்தியாசத்தை கேட்ச் அடைச்சிடுச்சு.

லைன் மோசம்ங்கறது உண்மை. 2024-ல ரெய்டர்ஸ் ஓட்டத்துல லீகுக்கே கடைசி, ஆட்டத்துக்கு 80 யார்டு கூட இல்லை. ஆனா லைன் மோசமா இருந்தா அடிபடறது சராசரிதான், கேரி எண்ணிக்கை இல்லை. 2012-ல ட்ரென்ட் ரிச்சர்ட்சன் கிளீவ்லாண்ட்ல சராசரி 3.6. பார்க்க சகிக்காது. ஆனா 267 கேரி, 51 கேட்ச், மொத்தம் 12 டச்டவுன். 250-க்கு மேல பாயின்ட். அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்ங்கறது வேற கதை, நமக்கு வேண்டியது அந்த ஒரு வருஷம்.

எங்க ஜயன்ட்ஸ் 2018-ல 5-11. லைனைப் பத்தி நான் வாயைத் திறக்கலை. அந்த டீம்லதான் சாக்வான் பார்க்லி ரூக்கியா 380 பாயின்டுக்கு மேல எடுத்தான். காரணம் 1,307 யார்டு ஓட்டம் பாதிதான், மீதி 91 கேட்ச். குவாட்டர்பேக் (பந்தை வீசறவர்) ஈலை மேனிங்குக்கு நேரம் கிடைக்கலைன்னா பந்து சாக்வான்கிட்ட போகும், அவ்வளவுதான் அந்த வருஷ பிளான்.

இப்ப ஜென்டி. 2023-ல போயிசில 43 கேட்ச், 569 யார்டு. 2024-ல 23 கேட்ச், 138 யார்டு. கை இருக்கு, அதுல சந்தேகம் இல்லை. ஆனா மூணாவது டவுன்ல கோச் பார்க்கறது கையை மட்டும் இல்லை, பிளிட்ஸ் (குவாட்டர்பேக்கைப் புடிக்க எதிரணி கூடுதல் ஆளை அனுப்பறது) வந்தா நடுவுல போய் நிப்பானான்னு. 34 வயசு குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித் பின்னாடி நிக்கறார். ஒரு தடவை ஆளை விட்டுட்டான்னா அடுத்த தடவை அந்த டவுனுக்கு வேற ஆள் வருவான். ரூக்கிகள் பாயின்ட் இழக்கற இடம் இதுதான், ஹைலைட் வீடியோல இது வரவே வராது. இன்னொண்ணு, ரெய்டர்ஸ் டைட் எண்ட் பிராக் பவர்ஸ். போன வருஷம் ரூக்கியா 112 கேட்ச். குட்டி த்ரோ எல்லாம் முதல்ல அவன்கிட்டதான் போகும்.

என் கணக்கு இப்படி:

சாதாரணமா போனா 280 கேரி, 4.2 சராசரி, 40 கேட்ச், அதுல 300 யார்டு, 9 டச்டவுன். 241 பாயின்ட்.

மூணாவது டவுனும் அவன் கைக்கு வந்து லைனும் கொஞ்சம் தேறினா 300 கேரி, 4.4, 55 கேட்ச், 420 யார்டு, 12 டச்டவுன். 301.

நடுவுல இருக்கற 60 பாயின்டுல கேட்ச் வழியா வர்றது 27, டச்டவுன் வழியா 18, ஓட்டத்துல 15தான். எல்லாரும் சண்டை போடறது அந்த 15-ஐப் பத்தி.

9-வது பிக்னா நீ குடுக்கற விலை 301-க்கு. அதே இடத்துல ரிசீவர் ஆமன்-ரா செயின்ட் பிரவுன் இருந்தா, அவன் 2024-ல 115 கேட்ச், 1,263 யார்டு, 12 டச்டவுன், 313 பாயின்ட் ஏற்கெனவே எடுத்துக் காட்டினவன். ரெண்டு பேரும் இருந்தா செயின்ட் பிரவுன். அவன் போயிட்டா ஜென்டியை எடு.

வர்ற சனிக்கிழமை 49ers ஆட்டம் இருக்கு. யார்டைப் பார்க்காதே. முதல் டீம் களத்துல இருக்கும்போது மூணாவது டவுன், ஏழெட்டு யார்டு வேணும்னா, ஜீனோ பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு மட்டும் பாரு.

---

நாலாவது_டவுன் எழுதியது:

அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். நான் சியாட்டில்காரன், இப்ப ரெய்டர்ஸ் கோச்சா இருக்கற பீட் கேரலை அவர் எங்க சீஹாக்ஸ் கோச்சா இருந்தப்ப வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். "விலை குடுத்து வாங்கினவனை உக்கார வைக்க மாட்டாங்க"ங்கறது எல்லா கோச்சுக்கும் பொருந்தும், கேரலுக்குப் பொருந்தாது.

2018-ல சீஹாக்ஸ் முதல் ரவுண்டுல, 27-வது பிக்ல, ரன்னிங் பேக் ரஷாட் பென்னியை எடுத்தாங்க. ஃபேன்டசில அவன் பின்னாடி ஓடாதவங்க கிடையாது. அந்த வருஷம் பந்தைத் தூக்கினது யாரு? முந்தின வருஷம் 7-வது ரவுண்டுல வந்த கிறிஸ் கார்சன். 1,151 யார்டு, 9 டச்டவுன். பென்னிக்கு 85 கேரிதான். கேரல் கேம்ப்ல யார் நல்லா ஆடறானோ அவனைப் போடுவார், பிக் நம்பர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ரெய்டர்ஸ்ல கேரலுக்குக் கீழ ஆஃபன்ஸ் பாத்துக்கறது சிப் கெல்லி. போன வருஷம் ஓஹையோ ஸ்டேட்ல அவர்கிட்ட ரெண்டு பேர் இருந்தாங்க, ஜட்கின்ஸும் ட்ரவேயான் ஹென்டர்சனும். பாதிப் பாதி பிரிச்சுக் குடுத்தார். ரெண்டு பேருமே 1,000 யார்டைத் தாண்டினாங்க, டீம் சாம்பியனும் ஆச்சு. ஆனா 2013-ல ஈகிள்ஸ்ல லஷான் மெக்காய் ஒருத்தன்கிட்டயே குடுத்தார், அவன் 1,607 யார்டோட லீக்ல முதல் இடம். ஆக கெல்லி ஆளுக்குத் தகுந்த மாதிரி.

பயப்படாம இருக்க ஒரே காரணம், ரெய்டர்ஸ்கிட்ட கார்சன் மாதிரி ஒருத்தன் இருக்கறதா எனக்குத் தெரியலை. ரஹீம் மோஸ்டர்ட்டுக்கு 33 வயசு. ஜமீர் வைட்டுக்குப் போன வருஷமே வாய்ப்பு குடுத்துப் பார்த்தாச்சு. அதனால பிக் நம்பரை நம்பாதே தம்பி, எதிர்ல ஆளே இல்லைங்கறதை நம்பு.

---

வேய்வர்_வேட்டை எழுதியது:

நீங்க எல்லாம் 9-ஐப் பத்தியே பேசறீங்க. ரூக்கி வேணும்னா ஏன் முதல் ரவுண்டுல வாங்கணும்?

பிஜான் ராபின்சன், 2023, அட்லான்டாவோட 8-வது பிக். ஃபேன்டசிலயும் முதல் ரவுண்டு விலை. டைலர் ஆல்ஜியர் 186 கேரியைத் தின்னுட்டான். பிஜான் 976 யார்டு, 58 கேட்ச், 8 டச்டவுன். கிட்டத்தட்ட 250 பாயின்ட். அக்டோபர்ல டாம்பா ஆட்டத்துல தலைவலின்னு ஒரே ஒரு கேரி. அந்த ஞாயித்துக்கிழமை எங்க வாட்ஸாப் குரூப் படிக்கற மாதிரியே இல்லை.

பக்கி இர்விங், 2024, டாம்பாவோட 125-வது பிக். ஃபேன்டசில கடைசி ரவுண்டுகள்ல கிடைச்சான். 1,122 யார்டு, 47 கேட்ச், 8 டச்டவுன். அதுவும் 246. ரூக்கி வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே கணக்கு. ஒருத்தனுக்கு முதல் பிக் போச்சு, இன்னொருத்தனுக்கு ஒண்ணுமே போகலை.

ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2020-ல சீஃப்ஸ் 32-வது பிக்ல எடுத்தாங்க, டேமியன் வில்லியம்ஸ் கோவிட்னால சீசனே வேண்டாம்னுட்டார், உடனே விலை ரெண்டு ரவுண்டு ஏறிச்சு. முதல் ஆட்டத்துல 138 யார்டு, ஊரே கொண்டாடிச்சு. அக்டோபர்ல இன்னொரு ரன்னிங் பேக் லெவியான் பெல்லைக் கொண்டுவந்தாங்க. வருஷம் முழுக்க ஓட்டத்துல நாலே நாலு டச்டவுன்.

என் யோசனை: 9-ல ரிசீவர் எடு. 57, 64 பக்கத்துல வரும்போது ஹென்டர்சன், ஆர்ஜே ஹார்வி, இதுல ஒருத்தன். ஹென்டர்சனுக்கு பிளிட்ஸ் தடுக்கறது கல்லூரியிலயே பேர் வாங்கிக் குடுத்த விஷயம். நியூ இங்கிலாந்துல எதிர்ல இருக்கற ஸ்டீவன்சன் போன வருஷம் 7 தடவை பந்தைக் கீழ விட்டவன். ஹார்விக்கு டென்வர்ல கோச் ஷான் பேட்டன். ரெஜி புஷ், ஸ்ப்ரோல்ஸ், கமாரான்னு ரன்னிங் பேக்குக்கு கேட்ச் அள்ளிக் குடுத்தே பழகினவர். அதே இடத்துக்கு டாபின்ஸ் வந்ததால ஹார்வி விலை கொஞ்சம் இறங்கியிருக்கு, நல்லதுதான்.

சார்ஜர்ஸோட ரூக்கி ரன்னிங் பேக் ஹாம்ப்டனைக் கேப்பீங்க. போன வாரம் அவங்க லெஃப்ட் டாக்கிள் (லைன்ல இடது ஓரத்து ஆள்) ஸ்லேட்டருக்கு முழங்கால்ல தசைநார் அறுந்துபோச்சு, சீசன் முடிஞ்சுது. அவர் இல்லாம அந்த விலைக்கு ஹாம்ப்டன் எனக்கு வேண்டாம்.

---

பெஞ்சுல_உக்காந்தவன் எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வேய்வர் அண்ணன் சொல்ற மாதிரி 9-ல ரிசீவர் எடுத்தா, எங்க லீக்ல எல்லாரும் ரன்னிங் பேக் வெறியர்கள், 16 வரும்போது உருப்படியா ஒருத்தனும் இருக்க மாட்டான். போன வருஷ டிராஃப்ட் ஷீட்டைப் பார்த்தேன், முதல் 15 பிக்ல 10 ரன்னிங் பேக் போயிருக்கு. அப்ப கணக்கு மாறுமா? ஜென்டியை எடுத்தா மோஸ்டர்ட்டையும் கூடவே வச்சுக்கணுமா?

---

ஜெர்சி_அக்கா எழுதியது:

இதை முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கலாமேப்பா! 15-ல 10 ரன்னிங் பேக்னா கணக்கு நிச்சயம் மாறும். அப்படி ஒரு லீக்ல செயின்ட் பிரவுன் லெவல் ரிசீவர் ஒருத்தன் 16 வரைக்கும் தங்குவான். அப்ப 9-ல ஜென்டி, 16-ல ரிசீவர். அதே ஆளுங்க இந்த வருஷமும் ஆடறாங்களான்னு மட்டும் கேட்டுக்கோ, பாதிப் பேர் மாறியிருந்தா அந்த ஷீட்டுக்கு மதிப்பில்லை.

சியாட்டில் தம்பி சொன்னதையும் ஏத்துக்கறேன், கேரல் விஷயத்துல எதிர்ல ஆள் இல்லைங்கறதுதான் பலமான காரணம். ஆனா மோஸ்டர்ட் பேர்ல பிக்கை செலவு பண்ணாதே. 2023-ல மயாமில 18 ரஷ்ஷிங் டச்டவுன் போட்டவர்னு யாராவது பேச்சு குடுப்பாங்க. அது வேற லைன், வேற ஆஃபன்ஸ். ஜென்டிக்கு ஏதாவது ஆனா அந்த கேரி ரெண்டு மூணு பேருக்குப் பிரியும், ஒருத்தனுக்கு மட்டும் வராது. அந்த பெஞ்ச் இடத்துல ஹார்வியைப் போடு.

வேய்வர் தம்பிக்கு: ஒரு இர்விங் கிடைச்சதை சொல்றே, அதே விலைல வாங்கி செப்டம்பர்லயே கழட்டி விட்ட ரூக்கிங்க லிஸ்ட்டையும் போடேன், பார்ப்போம்.

---

வேய்வர்_வேட்டை எழுதியது:

அந்த லிஸ்ட் நீளமா போகும் அக்கா, சர்வர் தாங்காது. ஆனா அதுக்கெல்லாம் நான் முதல் ரவுண்டு குடுக்கலை பாருங்க.

---

நாலாவது_டவுன் எழுதியது:

தம்பி, சனிக்கிழமை ஆட்டத்தை நேரம் கிடைச்சா முதல் கால் மணி நேரம் மட்டும் பாரு, அதுக்கப்புறம் முதல் டீமை வெளிய எடுத்துடுவாங்க. கோல் லைன் கிட்ட போனா யாருக்குப் பந்து குடுக்கறாங்கன்னும் குறிச்சு வை. கேரல்கிட்ட மார்ஷான் லின்ச் இருந்தப்பவே அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய சண்டைல முடிஞ்சதுன்னு எங்க ஊர்ல கேட்டுப் பாரு. 2015 பிப்ரவரி சூப்பர் பவுல், ஒரு யார்டு பாக்கி. வேண்டாம், நான் அதைப் பத்திப் பேச மாட்டேன்.