சின்ன லுத்தரன் பல்கலைக்கழகத்தில் சமயமும் பண்பாடும் படிக்க மகளை அனுப்பலாமா?

அமராவதிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவு) பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஸ்காலர்ஷிப். அவள் படிக்க ஆசைப்படுவது சமயமும் பண்பாடும். குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு நடக்கும்போது நோட்டும் பேனாவுமாகப் பூசாரி பின்னாலேயே சுற்றுகிற பிள்ளை, அதனால் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மாமனார், "பாதிரியார் படிப்புக்கா அனுப்புறீங்க? மதம் மாத்திடுவாங்க" என்கிறார். வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்குமா என்ற கவலை. அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

டெக்ஸாஸ் தம்பி:
அக்கா, முதலில் விசா கணக்கைப் பாருங்கள். எஃப்-1 விசாவில் படித்தால் பட்டத்துக்குப் பிறகு 12 மாதம் வேலை பார்க்க ஓபிடி அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல், கணிதம் மாதிரிப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பார்கள். சமயப் படிப்புக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. இன்னொரு மேஜரும் (முதன்மைப் பாடம்) சேர்த்துப் படிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தில்லைக்காரி:
அக்கா, நான் சிதம்பரம். மினசோட்டாவிலேயே இப்படி ஒரு சின்னக் கல்லூரியில் சமயத்தையும் சமூகப்பணியையும் டபுள் மேஜராகப் படித்தேன். மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: பாதிரியார் ஆக செமினரி என்று தனிப் படிப்பு இருக்கிறது, அதற்குப் பட்டம் முடித்துவிட்டுத்தான் போவார்கள். உங்கள் மகள் படிக்கப்போவது அது இல்லை.

முற்பகலில் சேப்பலுக்கென்று, அதாவது கல்லூரிக்குள் நடக்கும் வழிபாட்டுக்கென்று, கொஞ்ச நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அப்போது வகுப்பு இருக்காது. விருப்பம் உள்ளவர்கள் போகலாம். எங்கள் இடத்தில் யாரும் வருகைப்பதிவு எடுத்ததில்லை. ஆர்கன் வாசிப்பதைக் கேட்கவே நான் போவேன். இன்னொன்றும் மாமனாரிடம் சொல்லுங்கள். நார்த்ஃபீல்டில் இருக்கிற செயின்ட் ஓலாஃப் கல்லூரி, நார்வேயிலிருந்து குடிவந்த லுத்தரன்கள் 1874-இல் தொடங்கியது. அங்கே டிரினிடாடில் பிறந்த இந்துவான அனந்தானந்த் ராம்பச்சன் என்ற அத்வைத அறிஞர், 1985 முதல் பல வருஷம் பேராசிரியராக இருந்தார். சமயத்துறைத் தலைவராகவும் இருந்தார்.

எனக்கு இந்தப் படிப்பு பிடிபட்டது ஒரு மீன் விருந்தில். குளிர் தொடங்குகிற சமயத்தில் அந்தப் பக்கத்து லுத்தரன் சர்ச்சுகளில் லூட்டஃபிஸ்க் விருந்து வைப்பார்கள். காய்ந்த காட் மீனைச் சோடாக் காரம் கரைத்த தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு அலசி, வேகவைப்பது. தட்டில் கண்ணாடி மாதிரி ஆடும், மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றுவார்கள். வாடை தெருவரைக்கும் வரும். ஃபீல்டுவொர்க்குக்கு எங்களை அங்கேதான் அனுப்பினார்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதி வா என்று. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பாட்டிகள் உருளைக்கிழங்கு மாவைத் தேய்த்து, வட்டக்கல்லில் போட்டு, நீளமான தட்டைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். லெஃப்சே என்பார்கள். சைவம் என்று சொன்னதும் ஒரு பாட்டி அதில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அவருக்கு நார்வே மொழியில் பாட்டும் ஜெபமும் தவிர வேறு பேசத் தெரியாது. பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லையாம், இந்த விருந்துக்கு மட்டும் தவறாமல் வருவார்களாம். நம் ஊரில் ஆடிக்கூழுக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்களே, அதேதான் அக்கா. சமயம் என்பது புத்தகத்தில் எவ்வளவு, அடுப்படியில் எவ்வளவு என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பிறகு அதே வகுப்போடு மேப்பிள் குரோவ் இந்துக் கோயிலுக்குப் போனோம். அபிஷேகப் பால் யார் உபயம், பிரசாதம் முதலில் யார் கைக்குப் போகும் என்றெல்லாம் கூடப் படித்தவர்கள் என்னைத் துளைத்தெடுத்தார்கள். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவள் நான், என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் மகள் பூசாரியைக் கேட்கிற கேள்விகள் இந்த வகைதான். இதற்கென்றே ஒரு துறை இருக்கிற இடத்துக்கு அவள் போகட்டும்.

இப்போது எச்சரிக்கை. லுத்தரன் என்றால் எல்லாம் ஒன்றில்லை. 1988-இல் உருவான இஎல்சிஏ (அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை) என்ற சபையோடு சேர்ந்த கல்லூரிகள் பொதுவாகத் திறந்த மனதுடையவை. மிசௌரி சினாடு என்ற இன்னொரு லுத்தரன் சபை 1847-இல் தொடங்கியது, கட்டுக்கோப்பானது. அங்கே சமயம் என்றால் பெரும்பாலும் கிறிஸ்தவ இறையியல்தான். கன்கார்டியா என்ற பெயரில் இருப்பவை அநேகமாக அவர்களுடையவை, ஆனால் மூர்ஹெட் கன்கார்டியா இஎல்சிஏ. பெயரை வைத்து முடிவு செய்யாமல் பாடப்பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

இதைவிட முக்கியம், பணம். சின்னக் கல்லூரிகள் மூடிக்கொண்டே வருகின்றன. லுத்தரன் கல்லூரிகளிலேயே நெப்ராஸ்காவில் டானா 2010-இல் மூடியது, போர்ட்லாந்து கன்கார்டியா 2020-இல், மிச்சிகனில் ஃபின்லாந்தியா 2023-இல். படிப்பின் நடுவில் வேறு கல்லூரி தேடுவது வெளிநாட்டு மாணவிக்குப் பெரிய அலைச்சல். மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, ஓய்வுபெற்ற சமயப் பேராசிரியர்களின் இடத்தில் ஆள் போட்டார்களா என்று மின்னஞ்சலில் நேராகவே கேளுங்கள்.

தரங்கம்பாடி வாசி:
நான் டிஇஎல்சி (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைக்காரன், அதனால் ஒரு வார்த்தை. 1706-இல் எங்கள் ஊர்க் கரையில் இறங்கிய சீகன்பால்குதான் இந்தியாவுக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரிகளில் ஒருவர். நம் தெய்வங்களைப் பற்றி இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு 1713-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். மதம் பரப்ப வந்தவர்தான், ஆனாலும் ஐயனார், எல்லம்மன் வரை பொறுமையாக விசாரித்து எழுதியிருக்கிறார். அதை அப்போது யாரும் அச்சிடவில்லை. 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. ஜெர்மனியில் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவன ஆவணக்காப்பகத்தில் அந்த மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. தமிழ் தெரிந்த மாணவிக்கு அங்கே வேலை நிறைய. பாப்பாவை ஜெர்மன் ஒரு பாடமாக எடுக்கச் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை:
ரொம்ப நன்றி. மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன், "ஐயனாரைப் பத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். தில்லைக்காரி தங்கை, இப்போது என்ன வேலையில் இருக்கிறாய் என்று சொல்லலாமா?

தில்லைக்காரி:
சமூகப்பணியில் முதுகலை முடித்து மருத்துவமனையில் இருக்கிறேன் அக்கா. செயின்ட் பால் பக்கம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடிவந்த மோங் மக்கள் நிறைய, மினியாபோலிஸில் சோமாலியர்கள் நிறைய. மோங் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் சடங்கு நாள்கணக்கில் நடக்கும். உயிர் பிறந்த இடத்துக்கே திரும்பிப் போக வழி சொல்லிப் பாடுவார்கள். பிரேதப் பரிசோதனை என்றாலே மூத்தவர்கள் பதறுவார்கள். டாக்டர் அந்தப் பேச்சை எடுக்கும் முன்பு, அந்தக் குடும்பத்தில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று விசாரித்து வைப்பது என் வேலை. சமயத்துறையில் படித்தது தினமும் கைகொடுக்கிறது. மகளை முதல் செமஸ்டரிலேயே இரண்டாவது மேஜருக்கு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் ஜாக்கெட் ஊரில் வாங்க வேண்டாம், மினசோட்டா குளிருக்கு அங்கே விற்பதுதான் தாங்கும்.