அக்காவின் கட்டியில் டிபி53 மாற்றம்: பிள்ளைகளுக்கும் வருமா?

வைகைக்கரை:
அக்காவுக்கு 36 வயது. தொடையில் வலியே இல்லாத கட்டி, கொழுப்புக் கட்டி என்று நினைத்து ஆறு மாதம் விட்டுவிட்டோம். பயாப்ஸியில் லியோமயோசார்கோமா (மென்தசையில் வரும் ஒரு புற்றுநோய்) என்று வந்துவிட்டது. கட்டியின் மரபணு ரிப்போர்ட்டில் டிபி53, ஆர்பி1 இரண்டிலும் மாற்றம் என்று போட்டிருக்கிறார்கள். அம்மா 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து இறந்தவர். பெரியம்மா ஒருவர் "இது உங்க குடும்பத்துச் சாபம்" என்று சொன்னதிலிருந்து அக்கா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அவளுக்கு இரண்டு பெண்கள், எனக்கு ஒரு பையன். பிள்ளைகளுக்கு இப்போதே டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

நுண்ணோக்கி:
சாபமெல்லாம் இல்லை, அதை முதலில் அக்காவிடம் சொல்லுங்கள். டிஎன்ஏ பழுதான செல்லைப் பெருக விடாமல் நிறுத்துவதும், சரிசெய்ய முடியாவிட்டால் அழிப்பதும் டிபி53 மரபணுவின் வேலை. செல் பிரிவதற்கான கதவைப் பூட்டி வைப்பது ஆர்பி1. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, பொதுவாக இரண்டும் கெட்டால்தான் காவல் முழுதாகப் போகும் (1971-இல் நட்சன் என்ற மருத்துவர் குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்துச் சொன்னது இதுதான்). லியோமயோசார்கோமாவில் இந்த இரண்டும் கெட்டிருப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ளேயே, பிறந்த பிறகு நடந்த மாற்றம்தான். அதனால் கட்டியின் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பரம்பரை என்று சொல்லவே முடியாது.

மழைக்காலம்:
மேலே சொன்னது சரி, ஆனால் அம்மாவின் வயதை விட்டுவிடக் கூடாது. 46 வயதுக்குள் சார்கோமா (தசை, எலும்பு, கொழுப்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்), நெருங்கிய ரத்த உறவில் 56 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் என்றால் பரம்பரை டிபி53 மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். லீ, ஃப்ராமேனி என்ற இரு மருத்துவர்கள் 1969-இல் இப்படிப்பட்ட நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள், காரணம் டிபி53 என்று 1990-இல்தான் தெரிந்தது. முதலில் அக்காவுக்கு மட்டும் ரத்தத்தில் டெஸ்ட். அதுவும் ரேடியேஷன் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், ஏனென்றால் பிறவியிலேயே இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கதிர் பட்ட இடத்தில் பின்னாளில் வேறு புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். உயிரைக் காக்க ரேடியேஷன் தேவைப்பட்டால் கொடுக்கத்தான் செய்வார்கள், நீங்களாக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கருவேலங்காடு:
எனக்குப் பிறவியிலேயே டிபி53 மாற்றம் உண்டு. வருடம் ஒருமுறை உடல் முழுக்க எம்ஆர்ஐ எடுக்கிறேன், அதில் கதிர்வீச்சு கிடையாது. போன முறை ஒரு சின்னக் கட்டி சீக்கிரமே தெரிந்தது, எடுத்துவிட்டார்கள். என் இரண்டு பிள்ளைகளில் மகனுக்கு இருக்கிறது, மகளுக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்த அன்று இடிந்து உட்கார்ந்தேன், ஆனால் தெரியாமல் இருந்திருந்தால் மகனைக் கவனித்திருக்கவே மாட்டோம். தயவுசெய்து டெஸ்டுக்கு முன்னால் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் அக்காவைக் கூட்டிப் போங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன், "அப்போ என்னால பிள்ளைகளுக்கு வந்ததுன்னு இன்னும் ஆகலைதானே" என்று கேட்டாள். ஒரு சந்தேகம், கீமோ ஆரம்பித்த பிறகு இந்த டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தால் பரவாயில்லையா?

நுண்ணோக்கி:
முன்பே கொடுப்பது நல்லது. கீமோவுக்குப் பிறகு சிலருக்கு ரத்த செல்களில் மட்டும் டிபி53 மாற்றம் தென்படும், அது பரம்பரை போலத் தோன்றிக் குழப்பும். அப்படி வந்தால் தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்து உறுதி செய்வார்கள். அக்காவுக்குப் பரம்பரை மாற்றம் உண்டு என்று உறுதியானால் மட்டும் உங்களுக்கும் அவள் பெண்களுக்கும் அந்த ஒரே மாற்றத்தைத் தேடினால் போதும். உங்களுக்கு இல்லையென்றால் பையனுக்கு எடுக்கவே வேண்டாம்.