டூப்கால் ட்ரெக்: பசங்க குரூப்புக்கு 2 நாள் போதுமா, கிராமம் கிராமமா சுத்திப் போறது நல்லதா?

மலைக்குருவி:
வணக்கம் மக்களே. எங்க யூத் குரூப்ல 16ல இருந்து 18 வயசு வரைக்கும் 14 பேர், பெரியவங்க நாங்க ரெண்டு பேர், ஜூன் கடைசில மொராக்கோ ஹை அட்லஸ் போறோம். பசங்களுக்கு டூப்கால் உச்சி ஏறியே ஆகணும், 4,167 மீட்டர், வட ஆப்பிரிக்காவுலயே உசரமான மலை. விசாரிச்ச இடத்துல மலையடிவாரத்துல இருக்கற இம்லில் கிராமத்துல கிளம்பி 2 நாள்ல ஏறி இறங்கிடலாம், மிச்ச நாள் மராகேஷ்ல சுத்திப் பாருங்கன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பல, கையில 8 நாள் இருக்கு, அந்த மலையோட பூர்வகுடிகளான பெர்பர் மக்களோட கிராமங்கள்ல தங்கித் தங்கி நடந்தா பசங்களுக்கு இன்னும் நல்லா இருக்கும்னு தோணுது. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க. பொண்ணுங்க 6 பேர் இருக்காங்க, டிரஸ் எப்படி? அப்புறம் கிராமத்துக் குழந்தைங்களுக்குக் குடுக்க பேனா, சாக்லேட் எல்லாம் பசங்க சேர்த்து வச்சிருக்காங்க, குடுக்கலாமா?

கணவாய்க்காத்து:
உங்க மனசு சொல்றதுதான் சரி, சுத்தியே போங்க. கணக்கு ரொம்ப சிம்பிள், இம்லில் 1,740 மீட்டர், மேல ட்ரெக்கர்ஸ் தங்கற மலை விடுதி, ரெஃப்யூஜ்னு சொல்வாங்க, அது 3,207 மீட்டர். ஒரே நாள்ல கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏறி அங்கயே படுக்கணும், ராத்திரி பூரா பாதிப் பேருக்குத் தலைவலி, சாப்பாடு இறங்காது, விடியறதுக்கு முன்னாடி எழுப்பி இன்னும் 960 மீட்டர் சரளைக்கல்லுல ஏத்துவாங்க. வயசுப் பசங்க, தெம்பு இருக்கு, தாங்குவாங்கன்னு நினைக்காதீங்க, உயரம் தெம்பைப் பாக்கறதே இல்ல, நல்லா ஓடற பையன்தான் வேகமா ஏறி முதல்ல படுப்பான்.

நான் சொல்ற வழி இது. இம்லில்ல இருந்து தமதெர்ட் கணவாய் தாண்டி தச்செத்திர்த் கிராமம், அங்க 2,300 மீட்டர் கிட்ட தூக்கம். மறுநாள் லிகெம்ட் கணவாய், அது 3,500க்கு மேல, நல்லா மூச்சு வாங்கும், ஆனா தாண்டி இறங்கி கீழ ஆட்டுக்காரங்க கோடைக்குத் தங்கற கல்வீடுங்க பக்கம் கூடாரம் போட்டுடலாம். அப்புறம் அம்சூஸெர்ட் கிராமம், இஃப்னி ஏரி, கடைசியா வானூம்ஸ் கணவாய் ஏறி பின்பக்கமா ரெஃப்யூஜ். பகல்ல உசரத்தைத் தொட்டுட்டு ராத்திரி கீழ தூங்கறதால உடம்பு தானா பழகிடும். உச்சிக்குப் போற அன்னிக்கு பசங்க சிரிச்சிட்டே ஏறுவாங்க. கிராமமும் பாத்த மாதிரி ஆச்சு.

ஓடும்பிள்ளை:
நாங்க ஃப்ரெண்ட்ஸா 2 நாள்லதான் போனோம், உச்சி தொட்டோம், பெருசா எதுவும் ஆகல. இவ்வளவு பயமுறுத்தணுமா?

கணவாய்க்காத்து:
நீங்க பெரியவங்க, முடியலன்னா நீங்களே திரும்பிடுவீங்க. பசங்க அப்படி இல்லங்க, தன்னால மத்தவங்களுக்கு ட்ரிப் கெட்டுடக்கூடாதுன்னு தலைவலியை வாயே திறந்து சொல்ல மாட்டாங்க. அதான் என் பயமே. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு, ஒருத்தர் சாப்பிட்டாரா, நேரா நடக்கறாரான்னு இன்னொருத்தர் பாத்து லீடர்கிட்ட சொல்லணும்னு முதல் நாளே பேசிடுங்க. வாந்தி, தடுமாற்றம்னா கீழ இறக்கறதுதான் வைத்தியம், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

மலைக்குருவி, அதனாலயே பெரியவங்க ரெண்டு பேர் பத்தாது. ஒருத்தர் ஒரு பையனைக் கூட்டிட்டு இறங்கினா மிச்சம் 13 பேருக்கு ஒரே ஆள்தான். குறைஞ்சது மூணு பேர் வேணும், அதுல ஒரு பெண்.

வால்நட்மரம்:
டிரஸ், பேனா பத்தி நான் சொல்றேன். லூஸ் பேண்ட், தோளும் கையும் மூடற சட்டை, ஒரு மெல்லிசு துண்டு, பொண்ணுங்களுக்கு இது போதும், தலையை மூடச்சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க. வெயிலுக்கும் அதுதான் சுகம். இது பையன்களுக்கும்தான், சட்டையில்லாம கிராமத்துக்குள்ள நடக்கறதெல்லாம் வேணாம்.

பேனா சாக்லேட் தயவுசெஞ்சு வேண்டாங்க. ட்ரெக்கர்ஸ் வர்ற பாதையில குழந்தைங்க ஓடிவந்து கை நீட்டறதே இப்படிக் குடுத்துக் குடுத்துத்தான். அந்தக் காசுக்கு அங்க தங்குங்க, ரொட்டி வாங்குங்க, வால்நட் வாங்குங்க. 2023 செப்டம்பர் 8 ராத்திரி 6.8 அளவுல வந்த நிலநடுக்கம் இந்த அல் ஹவுஸ் பக்கத்தைத்தான் உலுக்குச்சு, 2,900 பேருக்கு மேல இறந்து போயிட்டாங்க, கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின வீடுங்க அப்படியே சரிஞ்சுது. இடிஞ்ச வீட்டு முன்னாடி பசங்க நின்னு செல்ஃபி எடுக்காம பாத்துக்கோங்க, எனக்கு அதைப் பாத்தா வயிறே எரியும்.

பசங்க மறக்கவே முடியாதது வீட்டுக்குள்ள போறதுதான். வாசல்லயே ஷூவைக் கழட்டிட்டு கம்பளத்துல உக்காரணும், ஒருத்தர் கெண்டியும் தாம்பாளமும் கொண்டுவந்து வரிசையா கைல தண்ணி ஊத்துவார். டீயை முதல் கிளாஸ் ஊத்தி, குடிக்காம திரும்ப கெட்டில்லயே கொட்டிக் கலக்குவாங்க, அப்புறம் கையை உசரத் தூக்கி நுரை வர்ற மாதிரி ஊத்துவாங்க. புதினா வாசம், தொண்டையை அடைக்கற இனிப்பு. அவசரப்படாம இருந்து குடிச்சிட்டுக் கிளம்பணும். அவங்க பெர்பர் பாஷைல "அஸுல்" (வணக்கம்), "தன்மீர்த்" (நன்றி) இந்த ரெண்டும் பசங்க பழகிட்டுப் போனா அந்தப் பாட்டிங்க முகம் மலர்றதைப் பாக்கணும்! போட்டோ மட்டும் கேட்டுட்டு எடுங்க, பெண்கள் பல பேர் வேணாம்பாங்க, விட்டுடுங்க.

திரும்பி இறங்கறப்ப சிதி ஷம்ஹரூஷ் தர்கா வரும், வெள்ளை அடிச்ச பெரிய பாறை. முஸ்லிம் அல்லாதவங்க உள்ள போகக்கூடாது, வெளிய நின்னு பாக்கலாம்.

மலைக்குருவி:
ரொம்ப நன்றிங்க, பேனா விஷயம் இன்னிக்கே பேசிடறேன். மூணாவது ஆள் ஒரு டீச்சரைக் கேக்கறேன். கைடு கட்டாயமா? கோவேறு கழுதை எடுத்தா போதாதா?

கணவாய்க்காத்து:
2018 டிசம்பருக்கு அப்புறம் டூப்கால் ஏற கைடு கட்டாயம், பாதையில செக்போஸ்ட்ல பாஸ்போர்ட் பாப்பாங்க, ஒரிஜினல் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும். கைடை லைசென்ஸ் கார்டு காட்டச் சொல்லுங்க, அட்லஸ்ல தபாந்த்ங்கற ஊர்ல மலை கைடுகளுக்குன்னே பயிற்சிப் பள்ளி இருக்கு, அங்க படிச்சவங்கன்னா நிம்மதி. கழுதைக்காரங்க தனி, அவங்க கூலியும் டிப்ஸும் எவ்வளவுன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க, டிப்ஸை அவங்க கையிலயே மொராக்கோ காசு திர்ஹமா குடுங்க. மலை மேல பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது, மராகேஷ்லயே மாத்திடுங்க. கழுதை முதுகுல புண் இருந்தா வேற கழுதை கேளுங்க, தயங்காதீங்க. தேதி முடிவானதும் இங்க போடுங்க, தச்செத்திர்த்ல எந்த வீடு 17 பேருக்கு இடம் குடுக்கும்னு என் கைடுகிட்ட கேட்டுச் சொல்றேன்.