பழவேற்காடு 2090: ஆளப்போவது ஆலையா, பாடா?

முகத்துவாரம்:
கற்பனை நாட்டுக்கான வரைவு. வருடம் 2090. கடல் ஏறி பழவேற்காடு ஏரியும் எண்ணூர்க் கழிமுகமும் ஒன்றாகிவிட்டன. கிணறெல்லாம் உவர். காட்டுப்பள்ளியில் மிஞ்சியிருக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பிடித்திருக்கும் குழுதான் அரசு. தண்ணீர் அட்டை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். மீனவர்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மண்:
ஆலைதான் ஓட்டை. அதே காட்டுப்பள்ளியில 2010-ல் வந்த மீஞ்சூர் ஆலையை எடுங்க. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீருக்கு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல கடல்தண்ணி இழுக்கணும். 1000 லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட். 60 பார் அழுத்தத்துல மெம்பிரேன் வழியா, அதாவது உப்பை வடிகட்டுற சவ்வு வழியா தள்ளணும். முன்வடிகட்டல் சரியில்லன்னா பாசியும் சேறும் மெம்பிரேன் மேல படலமா படியும். அழுத்தம் ஏறும், தண்ணி குறையும். சொறி (ஜெல்லி மீன்) கூட்டமா வந்து உறிஞ்சு குழாய் வாயை அடைச்சா அன்னைக்கே நிறுத்தணும். நல்லா பராமரிச்சாலும் 5-7 வருஷத்துல மெம்பிரேன் மாத்தியாகணும். அதைக் கப்பல்ல கொண்டுவர்றவன் சொல்றதுதான் அங்க சட்டம். அவன் உங்க வரைவுல இல்லவே இல்ல.

முகத்துவாரம்:
சரி, துறைமுகத்தையும் ஆலைக்காரர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

சுத்துவலை:
அப்படியானால் கரையே மிஞ்சாது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரைந்ததும் அப்படித்தான்.

மீனவரை அதிகாரமற்றவராகக் காட்டியதையும் நான் ஏற்கவில்லை. பாடு முறையை மறந்துவிட்டீர்கள். சுத்துவலையை எந்த இடத்தில், எந்த நாளில், யார் கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது, முறை வைத்துச் சுற்றும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மூன்று ஊர்களும் இதைத் தலைமுறைகளாக நடத்துகின்றன. கோடையில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரியில் உப்பு ஏறும். அப்போது மண்வெட்டியோடு இறங்குவது ஊர்தான். 20 லிட்டர் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களும் இவர்களே.

பறி:
முறை வைத்துப் பங்கு, சரி. யாருக்கு? பாடு உரிமை தலைக்கட்டுக்கு. தலைக்கட்டுன்னா அந்த மீனவர் சமூகத்துக் கல்யாணமான ஆம்பளை. பெண்ணுக்கு இல்ல, வேற சாதிக்கும் இல்ல. அதே தண்ணியில இருளர் மக்கள் வலையே இல்லாம சேத்தைத் துழாவி இறால் பிடிக்கிறாங்க. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள, பனையோலைப் பறிக் கூடை பல்லுக்கு நடுவுல. அவங்க பேர் எந்தச் சீட்டுல இருக்கு? இந்த நாட்டுல கொடுங்கோன்மை ஆலையில பிறக்க வேண்டியதில்ல, அந்தத் தலைக்கட்டுப் பட்டியலே போதும்.

சுத்துவலை:
பட்டியலைத் திருத்தலாம். சீட்டு முறையையே இழந்துவிட்டால் திருத்துவதற்கு என்ன இருக்கும்?

பறி:
திருத்துற அதிகாரம் யார்கிட்ட? பட்டியல்ல ஏற்கெனவே இருக்கிறவங்ககிட்ட. தண்ணி தட்டுப்பாடான வருஷத்துல புதுசா ஒரு பேரைச் சேர்க்க எந்தத் தலைக்கட்டு கை தூக்கும்?

முகத்துவாரம்:
தலைக்கட்டுப் பட்டியலையே தண்ணீர் அட்டையாக மாற்றி எழுதுகிறேன். ஆலைக்குழு குழாயைத் திறக்கும். பெயரை வாசிப்பது ஊர்.

உவர்மண்:
எழுதுங்க. மெம்பிரேன் கப்பல் தாமதமாகிற வருஷத்துல இருந்து ஆரம்பிங்க.